சிங்கப்பூர் ஸ்கைலைனை அகச்சிவப்பில் எடுக்க எங்கே நிற்பது, எப்போது போவது?

கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றுக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அதைத் தாண்டிய அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் 720 நானோமீட்டர் ஃபில்டர் வாங்கியிருக்கிறார். மரினா பேயில் சூரியன் மறையும் நேரத்திலும் அதற்கப்புறம் விளக்கு வெளிச்சத்திலும் ஸ்கைலைனை எடுத்துப் பார்த்திருக்கிறார். எல்லாம் ஒரே சிவப்பாக, மங்கலாக வந்திருக்கிறது. கேமராவையே அகச்சிவப்புக்கு மாற்றிவிடலாமா, அல்லது இந்த முறை காட்டுக்கும் மலைக்கும்தான் சரியா, நகரத்துக்கு ஒத்துவராதா என்பது அவர் கேள்வி.

நகரத்துக்கு நன்றாகவே ஒத்துவரும், அதிலும் சிங்கப்பூருக்கு மிகப் பொருத்தம். கேமராவை மாற்றுவது பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதலில் மாற்ற வேண்டியது நீங்கள் போகும் நேரத்தையும் நிற்கும் இடத்தையும். சாதாரணப் படத்துக்கு எது அழகோ அதைத் தேடிப் போயிருக்கிறீர்கள். அகச்சிவப்பில் ஒரு கட்டடம் புகழ்பெற்றதா என்பது முக்கியமில்லை. அது எதனால் ஆனது, அதன் பக்கத்தில் மரம் எங்கே நிற்கிறது, வெயில் எந்த முகத்தில் விழுகிறது என்ற மூன்றுதான் படத்தைத் தீர்மானிக்கின்றன.

ஏன் என்று கொஞ்சம் விளக்குகிறேன். இலையில் உள்ள பச்சையம் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் உறிஞ்சிக்கொள்ளும். 700 நானோமீட்டரைத் தாண்டியதும் அது உறிஞ்சுவதை நிறுத்திவிடுகிறது. உள்ளே நுழையும் ஒளி, இலையின் செல்களுக்கும் அவற்றுக்கிடையே உள்ள காற்றுக்கும் நடுவில் சிதறி, ஏறத்தாழ பாதி அளவு வெளியே திரும்பிவிடும். அதனால்தான் மரம் வெள்ளையாக ஒளிர்கிறது. ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1910இல் இத்தகைய படங்களை வெளியிட்டதால் இதற்கு வுட் விளைவு என்று பெயர். இன்னொரு பக்கம், வானத்தில் ஒளி சிதறும் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. 450 நானோமீட்டர் நீல ஒளியோடு ஒப்பிட்டால் 800 நானோமீட்டர் ஒளி பத்தில் ஒரு பங்குதான் சிதறும். ஆகவே தெளிந்த வானம் கறுத்துப்போகிறது, மேகம் மட்டும் வெள்ளையாக நிற்கிறது. கறுத்த வானத்தைப் பிரதிபலிக்கும் தண்ணீரும் கறுப்பு.

சூடான பொருள் ஒளிருமா என்று சிலர் கேட்பார்கள். ஒளிராது. வெப்பப் படக் கருவிகள் வேலை செய்வது 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அலைநீளத்தில். நம் கேமராவின் சிலிக்கான் சென்சார் ஒன்றேகால் மைக்ரானைக்கூட எட்டாது. நாம் பிடிப்பது வெயிலிலேயே இருக்கும் ஒளி, பொருள்களில் பட்டுத் திரும்புவது.

இப்போது நகர நடுவே இருக்கும் பாடாங் திடலுக்குப் போவோம். நான் யாருக்கு முதல் இடம் சொன்னாலும் இதைத்தான் சொல்வேன். கன்னாட் டிரைவ் ஓரத்தில் வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன. காலை ஒன்பதரை, பத்து மணிக்கு அவற்றின் நிழலில் நின்றுகொண்டு, திடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய உச்ச நீதிமன்றத்தைப் பாருங்கள். 1939இல் கட்டி முடிக்கப்பட்டு, 2015 முதல் தேசியக் கலைக்கூடத்தின் பகுதியாக இருக்கும் கட்டடம் அது. அதன் குவிமாடம் செம்புத் தகடு போர்த்தியது, களிம்பு ஏறிப் பச்சையாகிவிட்டது. கண்ணுக்கு அந்தப் பச்சையும் மரத்தின் பச்சையும் ஏறக்குறைய உறவுக்காரர்கள். 720 ஃபில்டரைப் போட்டு எடுத்துப் பாருங்கள். மரம் வெள்ளை, திடல் முழுக்கப் பனி விழுந்தது மாதிரி வெள்ளை, குவிமாடம் மட்டும் கறுத்துப்போய் வானத்தோடு ஒட்டி நிற்கும். செம்பின் உப்புகள் 700க்கும் 900க்கும் இடையில் ஒளியைப் பலமாக உறிஞ்சுவதுதான் காரணம். இரண்டு பச்சைகளுக்கு நடுவில் உயிருள்ளது எது, உலோகம் எது என்று கேமரா பிரித்துச் சொல்லிவிடுகிறது. அதன் கீழே இருக்கும் தூண்களும் சிற்ப முகப்பும் நடுத்தரச் சாம்பலில் வரும். வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று அடுக்கும் ஒரே சட்டத்துக்குள் கிடைக்கும் இடம் ஊரில் இதுபோல இன்னொன்று இருக்கிறதா என்பது சந்தேகம்.

அங்கிருந்து பொடிநடையாகப் போகும் தூரத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். எல்லோரும் இதைத்தான் முதலில் எடுக்க ஆசைப்படுவார்கள். வெள்ளைக் கோபுரம், சுற்றிலும் புல்வெளி, பெரிய மரங்கள். ஆனால் அகச்சிவப்பில் வெள்ளைக் கட்டடமும் வெள்ளை, மரமும் வெள்ளை. ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். இந்தத் தேவாலயத்தின் சுவர்ப்பூச்சுக்கு நம் ஊர்த் தொடர்பு உண்டு. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள்தான் இதைக் கட்டினார்கள். மெட்ராஸ் சுண்ணாம்பு என்று பெயர்பெற்ற கலவையைப் பூசினார்கள். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் சேர்ந்த பூச்சு அது. 1862இல் அர்ச்சிப்பு நடந்தது. அந்த வெண்மையை எடுக்க வேண்டுமென்றால் மரங்களைச் சட்டத்திலிருந்து முடிந்தவரை விலக்குங்கள். கீழிருந்து அண்ணாந்து, கோபுரத்துக்குப் பின்னால் வெறும் வானம் மட்டும் வருமாறு வையுங்கள். கறுத்த வானத்தின்மேல் வெள்ளைக் கோபுரம் எழுந்து நிற்கும்.

சிங்கத் தலையும் மீன் உடலுமாக நிற்கும் மெர்லயன் சிலைக்கும் இதே கணக்குத்தான். 8.6 மீட்டர் உயரம், வெள்ளை நிறம், 2002இல் இப்போதைய இடத்துக்கு வந்தது, கிழக்கே பார்த்து நிற்கிறது. காலையில் முகத்தில் வெயில் விழும். பின்னால் ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலகக் கோபுரங்கள் வரும். மரம் அதிகம் இல்லாததால் இங்கே வுட் விளைவை எதிர்பார்க்காதீர்கள். கறுப்புத் தண்ணீரும் கறுப்பு வானமும்தான் இங்கே உங்களுக்குக் கிடைக்கும் சரக்கு.

இனி மரினா பே சேண்ட்ஸ் ஹோட்டல். நீங்கள் எடுத்தது நகரத்தைப் பார்த்த மேற்கு முகம். முழுக்கக் கண்ணாடி. கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்கைலைன் என்பதே பெரும்பாலும் கண்ணாடிதான். சாதாரண ஜன்னல் கண்ணாடி அகச்சிவப்பை உள்ளே விட்டுவிடும். ஆனால் வெப்பமண்டல நகரங்களில் இன்றைய அலுவலகக் கோபுரங்களுக்கு, வெளிச்சத்தை விட்டு வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய பூச்சுள்ள கண்ணாடி போடுகிறார்கள். அந்தப் பூச்சு தடுப்பது நாம் படமெடுக்கும் இதே ஒளியைத்தான். ஆகவே அப்படிப்பட்ட கோபுரம் அகச்சிவப்பில் ஒரு நிலைக்கண்ணாடி. எதிரே வெறும் வானம் இருந்தால் கரிக்கட்டையாக வரும், மேகம் வந்து நின்றால் வெளுத்துவிடும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கோபுரங்கள் கண்ணுக்கு ஒரே நீலமாகத் தெரிந்தாலும் படத்தில் ஒன்று கறுப்பாகவும் மற்றொன்று வெளிறியும் வருவது இதனால்தான். மேகம் நகர்ந்து கோபுரத்துக்கு எதிரே வரும்வரை காத்திருங்கள். ஒரே இடத்தில் நின்று கால் மணி நேர இடைவெளியில் எடுத்த படங்கள் வெவ்வேறு நகரங்கள் மாதிரி இருக்கும்.

இதையே இன்னொரு விதமாகச் சோதிக்க வேண்டுமானால் கரையோரப் பூந்தோட்டங்களில் (கார்டன்ஸ் பை த பே) குளிர்மாடங்கள் எனப்படும் குளிரூட்டிய கண்ணாடிக் கூடங்களுக்குள் போய்ப் பாருங்கள். அந்தக் கூரைக் கண்ணாடியும் வெப்பத்தை வடிகட்டுவதே. கண்ணுக்கு நல்ல வெளிச்சம், ஃபில்டருக்குப் பின்னாலோ இருட்டு. உள்ளே அகச்சிவப்புப் படத்துக்கு முயற்சி செய்யாமல் வெளியிலேயே நேரத்தைச் செலவிடுங்கள் என்பேன்.

மரினா பே சேண்ட்ஸின் கிழக்கு முகம் வேறு கதை. தோட்டத்தைப் பார்த்த அந்தப் பக்கம் மாடி மாடியாகப் பால்கனிகளும் அவற்றில் காகிதப்பூச் செடிகளும் உண்டு. காலை வெயில் நேராக விழும். 55 மாடிக் கோபுரத்தின் உடம்பில் வெள்ளைக் கோடுகளாகச் செடி வரிசை தெரியும். அதற்கு முன்னால் சூப்பர்ட்ரீகளை வைத்துக்கொண்டால் படம் அமைந்துவிடும். அவை 25 முதல் 50 மீட்டர் வரை உயரமான, மர வடிவச் செயற்கைக் கோபுரங்கள், மொத்தம் 18, தோப்பில் மட்டும் 12. தண்டைச் சுற்றி நிஜச் செடிகள் வளர்கின்றன, மேலே விரியும் கிளைகள் வெறும் எஃகு. அகச்சிவப்பில் தண்டு வெள்ளையாகவும் கிளைகள் மங்கிய சாம்பலாகவும் பிரிந்துவிடும். இன்னும் உற்றுப் பார்த்தால் தண்டிலேயே செடி அடர்ந்த இடமும் பட்டுப்போன இடமும் திட்டுத்திட்டாகத் தெரியும். வாடிய இலை அகச்சிவப்பில் மங்கும். செயற்கைக்கோள் படங்களில் பயிரின் நலத்தைக் கணிப்பதும் இதே அடிப்படையில்தான்.

முழு ஸ்கைலைன் வேண்டுமென்றால் மரினா அணைக்கட்டின் கூரைப் புல்வெளி. பட்டம் விடுகிறார்களே, அதே இடம். முன்னால் புல், நடுவில் நீர்த்தேக்கம், அந்தப் பக்கம் சூப்பர்ட்ரீகள், ஃப்ளையர் ராட்டினம், அதன் பின்னால் நகரம். காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். புல் காய்ந்து போயிருந்தால் வெண்மை குறையும், மழை பெய்து சில நாள் கழித்துப் போனால் நல்லது.

சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலை எடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தமிழர் எவரும் அடுத்துக் கேட்பது அதுதான். ராஜகோபுரத்தின் அழகு வண்ணத்தில் இருக்கிறது. கண்ணுக்கு வேறுவேறாகத் தெரியும் சாயங்களில் பெரும்பாலானவை அகச்சிவப்பில் ஒரே மாதிரி வெளிறிப்போகும். வண்ணம் போய் உருவங்களின் மேடுபள்ளம் மட்டும் மிஞ்சும். பக்கவாட்டு வெயிலில் சிற்பவேலை தெளிவாகத் தெரியும் என்பது உண்மை, இருந்தாலும் எனக்கு அந்தக் கோபுரத்தை நிறமில்லாமல் பார்க்க மனம் வருவதில்லை.

நேரத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு டிகிரிக்குச் சற்று மேல் வடக்கே இருக்கிறது. கடிகாரத்தில் உச்சிப்பொழுது 12 மணிக்கு வராது, ஒரு மணியை ஒட்டித்தான் வரும். அந்த நேரத்தில் மரத்தின் உச்சி தகதகவென்று இருக்கும், ஆனால் கட்டடத்தின் சுவரில் வெயில் வழுக்கிக்கொண்டு போகும், முகப்பு இருண்டுவிடும். ஆகவே காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை, பிற்பகல் இரண்டரையிலிருந்து நான்கரை. சாதாரணப் படக்காரர்கள் வெயில் கடுமை என்று வீட்டுக்குப் போகும் நேரம் நமக்கு வேலை நேரம். மாதமும் முக்கியம். ஜூனில் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். எஸ்பிளனேட் கலையரங்கின் பக்கமிருந்து தெற்கே ராஃபிள்ஸ் பிளேஸைப் பார்த்து எடுக்க அப்போதுதான் வெயில் கட்டட முகத்தில் விழும். டிசம்பரில் அதே இடத்தில் நின்றால் சூரியன் எதிரே, கட்டடங்கள் நிழலுருவம்.

சூரியன் மறைந்த பிறகு எடுக்காதீர்கள். உங்கள் இரவுப் படங்கள் வீணாகிப்போனதற்குக் காரணம் இதுதான். பழைய இழை விளக்குகளில் அகச்சிவப்பு நிறைய இருந்தது, சோடியம் தெருவிளக்கிலும் 819 நானோமீட்டர் பக்கத்தில் பலமான ஒளி உண்டு. வெள்ளை எல்இடியில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. மரினா பே இரவில் ஜொலிப்பது எல்இடியால். உங்கள் ஃபில்டர் வழியே அது இருண்ட ஊர்.

மங்கல்மூட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. அகச்சிவப்பு மூட்டத்தைத் துளைக்கும் என்று படித்திருப்பீர்கள். தூரத்தை மூடும் மெல்லிய நீல மூட்டத்தைத் துளைக்கும். டக்ஸ்டன் பினக்கிள் அடுக்குமாடிக் குடியிருப்பின் 50ஆம் மாடியிலிருந்து தென்தீவுகளைப் பார்த்து எடுத்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் 2013 ஜூனில் காற்றுமாசுக் குறியீடு 401 வரை போனதே, அந்த மாதிரி அடர்ந்த புகையைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. புகைத்துகள் இந்த அலைநீளத்தோடு ஒப்பிடக்கூடிய அளவில் இருப்பதால் அகச்சிவப்பையும் கணிசமாகச் சிதறடிக்கும், அதைவிடப் பெரிய பனித்துளியோ எல்லா ஒளியையும் ஒரே மாதிரி சிதறடித்துவிடும்.

சரி, சிவப்பு ஏன்? சென்சாரின் ஒவ்வொரு புள்ளிமேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு சாயம் இருக்கிறது. 700லிருந்து 800 வரையிலான ஒளி சிவப்புச் சாயம் வழியே மற்றவற்றைவிட அதிகம் நுழைகிறது. 800ஐத் தாண்டியபின் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு விட்டுவிடும். ஆகவே அந்தச் சிவப்பு எந்தப் பொருளின் நிறமும் இல்லை. கேமரா திருத்தாத மூலக் கோப்பான ரா ஃபைலாக எடுங்கள். கேமராவிலேயே வெயில் பட்ட புல்லைக் காட்டி ஒயிட் பேலன்ஸை அமைத்துக்கொள்ளுங்கள். லைட்ரூம் மென்பொருளில் ஒயிட் பேலன்ஸ் அளவுகோல் 2000 கெல்வினுக்குக் கீழே போகாது என்பதால் படம் சிவப்பிலேயே சிக்கிக்கொள்ளும். அடோபியின் டிஎன்ஜி புரொஃபைல் எடிட்டரில் உங்கள் கேமராவுக்கென்று ஒரு புரொஃபைல் செய்துகொண்டால் சரியாகிவிடும். பிறகு ஃபோட்டோஷாப்பின் சானல் மிக்சரில் சிவப்பு வெளியீட்டுக்குச் சிவப்பு 0, நீலம் 100, நீல வெளியீட்டுக்குச் சிவப்பு 100, நீலம் 0 என்று மாற்றினால் வானம் நீலமாகவும் மரம் வெண்பொன்னாகவும் வரும். நகரத்துக்கு என் விருப்பம் கருப்பு வெள்ளைதான். நீல வானமும் வெள்ளை மரமும் சேர்ந்தால் பார்ப்பவர் குளிர்நாட்டுப் பனி என்று நினைத்துவிடுகிறார், சிங்கப்பூரின் வெயில் படத்திலிருந்து போய்விடுகிறது. கருப்பு வெள்ளையில் அந்தச் சிக்கல் குறைவு.

மங்கலுக்கு வேறு காரணம். உங்கள் கேமராவின் சென்சார் முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டி மிகக் கொஞ்சம்தான் உள்ளே வரும். 2004இல் வந்த நிக்கான் டி70 போன்ற சில பழைய கேமராக்களில் அந்தத் தடுப்பு பலவீனம், அதனால் அவற்றை இன்னும் தேடி வாங்குகிறார்கள். உங்களுடையது எப்படி என்று பார்க்க, ஃபில்டரை மாட்டி, டிவி ரிமோட்டின் முனையைக் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்தி எடுங்கள். அந்த விளக்கு 940 நானோமீட்டரில் எரிவது. பளிச்சென்று விழுந்தால் நல்ல கேமரா. மங்கலாக விழுந்தால் நடு வெயிலில்கூட பல வினாடிகள், ஏன் அரை நிமிடம்கூட எக்ஸ்போஷர் தேவைப்படும். ட்ரைபாட் இல்லாமல் நடக்காது. ஃபில்டரை மாட்டுமுன் சட்டத்தை அமைத்துக்கொள்ளுங்கள், மாட்டியபின் வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது. நீண்ட எக்ஸ்போஷரில் வியூஃபைண்டர் வழியே வெளிச்சம் கசியும், அதை மூடிவிடுங்கள். அகச்சிவப்பு குவியும் தூரம் சற்று வேறு. லைவ் வியூ இருந்தால் அதில் ஃபோகஸ் செய்யுங்கள், பழைய லென்ஸானால் உடம்பில் அதற்கென்று சிவப்புக் குறி இருக்கும். எஃப் 8ஐத் தாண்ட வேண்டாம். சில லென்ஸ்களில் துளை சிறுக்கச் சிறுக்கப் படத்தின் நடுவே வெளிறிய வட்டம் ஒன்று தோன்றும், அதைப் பின்னால் சரிசெய்வது பெரும்பாடு. வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பு சானலைத் தனியே பாருங்கள், மொத்தக் கோடு நன்றாகத் தெரியும்போதே அது எல்லை தாண்டியிருக்கும்.

நீண்ட எக்ஸ்போஷரால் ஒரு லாபமும் உண்டு. பாடாங்கில் நடந்துபோகிறவர்கள் மறைந்துவிடுவார்கள், மரினா பே தண்ணீர் கண்ணாடித் தகடாகிவிடும். கட்டடம் அசையாதது. மரக்கிளை மட்டும் அசைந்து குழையும், அதனால் காற்றில்லாத காலையாகப் பார்த்துப் போங்கள்.

கேமராவை மாற்றுவது என்றால், அந்தத் தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு வேறு ஃபில்டர் பொருத்துவது. நல்ல வெயிலில் கையில் பிடித்தே எடுக்கலாம், ட்ரைபாட் வேண்டாம். நீங்களே திறக்காதீர்கள், பல கேமராக்களில் ஃபிளாஷ் மின்தேக்கி ஆபத்தான மின்னழுத்தத்தோடு இருக்கும். முதலில், நான் சொன்ன இடங்களில், சொன்ன நேரத்தில், இப்போதிருக்கும் ஃபில்டரோடு இரண்டு மாதம் எடுத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் மாற்றுங்கள். அப்போது 590 கேட்டால் பொன்னிற இலையும் அதிக வண்ணமும் கிடைக்கும், 830 கேட்டால் கருப்பு வெள்ளை மட்டும், வானம் இன்னும் கறுக்கும். நகரத்துக்கு 720 போதும். டிஎஸ்எல்ஆரில் 720ஐச் சென்சார்மேலேயே பொருத்தச் சொல்லுங்கள், வியூஃபைண்டரில் வழக்கம்போல் பார்த்து எடுக்கலாம். ஆட்டோஃபோகஸையும் அகச்சிவப்புக்கு ஏற்ப அளவு பார்த்துத் தரச் சொல்லுங்கள். பின்னாளில் மிரர்லெஸ் ஒன்று வாங்கி மாற்றுவதானால், தடுப்பே இல்லாத முழு அலைவரிசை மாற்றம் செய்துகொள்ளலாம். அதில் திரையில் நேராகவே அகச்சிவப்பு தெரியும், இப்போது கையிலிருக்கும் ஃபில்டரையும் லென்ஸின் முன்னால் மாட்டிப் பயன்படுத்தலாம்.